வில்லியம் கேரி: அழைப்பு எப்படி வந்தது, வீட்டில் என்ன நடந்தது

கேட்கப்பட்டது இது: சபை இளைஞர் கூட்டத்தில் வில்லியம் கேரியைப் பற்றிப் பேச வேண்டும். செருப்புத் தைத்த ஒருவர் எப்படி மிஷனெரி ஆனார்? அவருக்கு "அழைப்பு" எந்த நாளில், எந்த விதத்தில் கிடைத்தது? ஊழியத்துக்காகக் குடும்பத்தைப் பலிகொடுத்தார், முதல் மனைவிக்கு மனநோய் வந்ததே அவரால்தான் என்கிறார்களே, அது உண்மையா?

கேரிக்குத் தரிசனமோ, நள்ளிரவில் ஒரு குரலோ வந்ததாக எந்தப் பதிவும் இல்லை. அவருடைய அழைப்பு படித்து, எழுதி, கணக்குப் போட்டு உருவானது. ஏறத்தாழ ஏழெட்டு வருடம் பிடித்தது. ஒரு மிஷனெரிக் குடும்பம் எப்படிப் போக வேண்டும், எத்தனை பேர் சேர்ந்து போக வேண்டும், என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்பது வரை அவரே அச்சில் எழுதியிருக்கிறார். ஆனால் 1793-ல் புறப்பட்டபோது தன் திட்டத்தையே அவர் கடைப்பிடிக்கவில்லை. வீட்டில் நடந்த துயரங்களில் பெரும்பங்கு அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

1761 ஆகஸ்ட் 17 அன்று இங்கிலாந்தின் நார்தாம்டன்ஷயரில், பாலர்ஸ்பரி என்ற கிராமத்தில் கேரி பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். அப்பா எட்மண்ட் நெசவாளர். கேரிக்கு ஆறு வயதானபோது அப்பாவுக்கு ஊர்ப் பள்ளி வாத்தியார் வேலையும், ஆங்கிலிக்கன் ஆலயத்தில் பாரிஷ் கிளார்க் வேலையும் கிடைத்தன. (நம் ஊர்க் கோயிற்பிள்ளைக்கும் உபதேசியாருக்கும் நடுவில் ஒரு பதவி என்று வைத்துக்கொள்ளலாம்.) ஆகவே ஏழைதான் என்றாலும் புத்தகமே இல்லாத வீடு அல்ல அது. பன்னிரண்டு வயதில் ஒரு லத்தீன் சொற்பட்டியல் கைக்குக் கிடைக்க, அறுபது பக்கத்தையும் மனப்பாடம் செய்தார். கனடாவில் இருந்துவிட்டுத் திரும்பிய சித்தப்பா பீட்டர் ஒரு தோட்டக்காரர். செடிகொடி மேல் கேரிக்கு இருந்த தீராத பிரியமும், கடலுக்கு அப்பால் வேறு உலகம் உண்டு என்ற உணர்வும் அவரிடமிருந்து வந்தவை என்று சொல்லலாம்.

வயலில் வேலை செய்யவே அவர் விரும்பினார். வெயில் பட்டால் முகத்திலும் கையிலும் தோல் புண்ணாகிவிடும் ஒரு கோளாறு இருந்ததால் முடியவில்லை. அதனால்தான் 14 வயது வாக்கில் பிடிங்டன் என்ற ஊரில் கிளார்க் நிக்கல்ஸ் என்பவரிடம் செருப்புத் தைக்கும் தொழில் பழக அனுப்பப்பட்டார். வெயில் ஆகாது என்று வீட்டுக்குள் உட்கார வைக்கப்பட்ட அந்தப் பையன்தான் பின்னாளில் வங்காளத்தில் நாற்பது வருடம் வாழ்ந்தார்.

நிக்கல்ஸ் கடையில் ஒரு வேதாகம விளக்கவுரை கிடந்தது. அதில் இடையிடையே புரியாத எழுத்துகள் வந்தன. கிரேக்கம். அவற்றை அப்படியே பார்த்து வரைந்து, ஊருக்குப் போகும்போது படித்த ஒரு நெசவாளரிடம் காட்டிப் பொருள் கேட்டு வருவார். கிரேக்கம் படிக்கத் தொடங்கியது இப்படித்தான். எபிரெயம், இத்தாலியம், டச்சு, பிரெஞ்சு எல்லாம் பின்னால் வந்தன.

விசுவாசத்துக்கு வந்த கதையில் இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். ஒருவர் அதே கடையில் வேலை பழகிய ஜான் வார். அரசுச் சபையை ஏற்காத டிசென்டர் குடும்பம். ஆலயப் பணியாளரின் மகனான கேரிக்கு அவர்களைக் கண்டால் இளக்காரம். விவாதத்தில் எப்போதும் கடைசி வார்த்தை தன்னுடையதாக இருக்கும்படி பார்த்துக்கொள்வார். ஆனால் வாதத்தில் ஜெயித்த பிறகும் மனசு உறுத்தியது என்று பின்னாளில் அவரே எழுதினார். இன்னொன்று ஆள் இல்லை, ஒரு கள்ளக்காசு. கிறிஸ்துமஸ் நேரத்தில் வாடிக்கையாளர்களிடம் அன்பளிப்பு வாங்கும் வழக்கம் இருந்தது. இரும்புக்கடைக்காரர் ஒருவர் போலி ஷில்லிங்கைக் கொடுத்துவிட்டார். கேரி அதைத் தன் முதலாளியின் பணத்தோடு மாற்றிவிட்டு, முதலாளியின் காசுதான் போலி என்று சொல்ல முடிவு செய்தார். இந்த ஒரு பொய்யை மட்டும் கடக்க உதவினால் இனிமேல் எந்தத் தீமையும் செய்வதில்லை என்று வழியில் ஜெபமும் செய்தார்! பொய் அம்பலமானது. அந்த அவமானத்தில்தான் தன் பக்தி வெறும் பழக்கம் என்று அவருக்குத் தெரிந்தது.

1779 பிப்ரவரி 10, அமெரிக்கப் போரை முன்னிட்டு மன்னர் அறிவித்த தேசிய உபவாச ஜெப நாள். அன்று ஹேக்கில்டனில் டிசென்டர் கூட்டத்துக்குப் போனார். தாமஸ் சேட்டர் என்பவர் எபிரெயர் 13:13-ஐ வைத்துப் பேசினார்: "நாம் அவருடைய நிந்தையைச் சுமந்து, பாளயத்துக்குப் புறம்பே அவரிடத்திற்குப் புறப்பட்டுப்போகக்கடவோம்." அரசுச் சபையை விட்டு வெளியேறி, இளக்காரமாகப் பார்த்த கூட்டத்தோடு சேர வேண்டும் என்பதாகவே 17 வயதுக் கேரி அதை எடுத்துக்கொண்டார். முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தது அதற்கு நாலரை வருடம் கழித்து, 1783 அக்டோபர் 5 அன்று, நார்தாம்டனில் நீன் ஆற்றில். கொடுத்தவர் இளைய ஜான் ரைலண்டு. மனந்திரும்பிய நாளையும் ஞானஸ்நான நாளையும் ஒன்றாக்கிச் சொல்லும் துண்டுப் பிரசுரங்கள் உண்டு. கூட்டத்தில் பேசும்போது அந்தத் தவற்றைச் செய்துவிட வேண்டாம்.

இடையில் திருமணம் ஆகிவிட்டது. 1781 ஜூன் 10, பிடிங்டன் ஆலயம். மாப்பிள்ளைக்கு வயது 19. பெண் டோரதி பிளாக்கெட், அவரைவிட ஐந்தாறு வயது மூத்தவர். எழுதத் தெரியாததால் பதிவேட்டில் பெருக்கல் குறி போட்டார். அந்தக் குறியை வைத்து டோரதியை முட்டாளாகச் சித்தரிப்பது பல வாழ்க்கை வரலாறுகளின் பழக்கம். அன்றைய இங்கிலாந்துக் கிராமத்தில் பெண்களில் பெரும்பாலோர் அப்படித்தான் கையெழுத்திட்டார்கள். கேரி பின்னர் அவருக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். முதல் குழந்தை ஆன் இரண்டு வயதுகூட நிறையாமல் காய்ச்சலில் இறந்தது. அதே காய்ச்சலில் கேரி பிழைத்தார், ஆனால் தலைமுடி கொட்டிப்போய் இளவயதிலேயே விக் வைக்க வேண்டியதாயிற்று. பின்னால் லூசி என்ற இன்னொரு பெண் குழந்தையும் தவறியது. இந்தியப் பயணப் பேச்சு எழுந்தபோது டோரதி இரண்டு பிள்ளைகளைப் புதைத்திருந்த தாய். இதை மறந்துவிட்டு அவருடைய மறுப்பைப் புரிந்துகொள்ள முடியாது.

1785-ல் மௌல்டன் கிராமத்துக்குக் குடிபோனார்கள். பகலில் பள்ளிக்கூடம், இரவில் செருப்பு, ஞாயிறு பிரசங்கம். சபை தந்த சம்பளம் வயிற்றுக்கே போதாது. பள்ளியும் சரியாக நடக்கவில்லை. பையன்களை அடக்க அவரால் முடியாது. பள்ளியை நடத்தியது தானல்ல, பையன்கள்தான் என்று அவரே பின்னர் கிண்டலாகச் சொன்னார். இந்தக் குணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தன் சொந்தப் பிள்ளைகள் விஷயத்தில் மறுபடியும் வரும்.

மௌல்டன் வருடங்களில்தான் அழைப்பு உருவானது. கேப்டன் குக்கின் பயண நூல்களைப் படித்தார். காகிதங்களை ஒட்டிப் பெரிய உலகப் படம் ஒன்றைத் தயாரித்து, தான் தைக்கும் இடத்துக்கு எதிரே சுவரில் மாட்டினார். ஒவ்வொரு நாட்டின் மேலும் மக்கள்தொகை, மதம், நிலவரம் என்று கிடைத்ததையெல்லாம் குறித்துவைத்தார். கெட்டரிங்கைச் சேர்ந்த தாமஸ் காட்ச் என்ற செருப்பு வணிகர், இனி என் தோலைக் கெடுக்க வேண்டாம், மொழிகளைப் படி என்று சொல்லி, கேரி தொழிலில் சம்பாதித்த அளவான வாரம் 10 ஷில்லிங்கைச் சும்மாவே தர ஒப்புக்கொண்டார். கேரியின் மொழிப்புலமையை அதிசயம் என்று பேசுகிறவர்கள் இந்த 10 ஷில்லிங்கைச் சேர்த்துப் பேசுவதில்லை.

அவர் சேர்ந்திருந்தது பார்ட்டிகுலர் பாப்டிஸ்ட் சபை. இரட்சிக்கப்படப் போகிறவர்களைத் தேவன் முன்னமே தெரிந்துகொண்டார், ஆகவே அவிசுவாசியைப் பார்த்து "மனந்திரும்பு" என்று அழைப்பதே தவறு என்கிற அளவுக்கு அந்தச் சபைகளில் சிலர் போயிருந்தார்கள். அதை இறையியல் ரீதியாக உடைத்தவர் கெட்டரிங் போதகர் ஆண்ட்ரூ ஃபுல்லர், 1785-ல் வெளியிட்ட நூலில். அதற்கு முந்தைய வருடமே அந்த வட்டாரச் சபைகள் மாதம் ஒரு மாலை எழுப்புதலுக்காக ஜெபிக்கத் தொடங்கியிருந்தன. வாதம் ஃபுல்லருடையது, ஜெபம் எல்லோருடையது. இதை ஒரு செயலாக மாற்ற வேண்டும் என்று விடாமல் நச்சரித்ததுதான் கேரியின் பங்கு.

போதகர்கள் கூட்டத்தில் கேரி இந்தப் பேச்சை எடுத்தபோது, அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவரின் தகப்பனான மூத்த ரைலண்டு எழுந்து, "இளைஞனே, உட்கார்; தேவன் அஞ்ஞானிகளை மனந்திருப்ப நினைத்தால் உன்னைக் கேட்காமல் செய்வார்" என்று அதட்டினதாக ஒரு கதை எல்லாப் பிரசங்கத்திலும் வரும். அவருடைய மகனே அதை நம்ப மறுத்தார். சொல்லியே ஆக வேண்டுமென்றால் "என்று ஒரு கதை உண்டு" என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

1789-ல் லெஸ்டர் நகரச் சபைக்கு மாறினார். 1792 மே மாதம் அவருடைய சிறு நூல் அச்சில் வந்தது, 87 பக்கம். அஞ்ஞானிகளின் மனந்திரும்புதலுக்காக வழிவகைகளைப் பயன்படுத்தக் கிறிஸ்தவர்கள் கடமைப்பட்டவர்களா என்ற விசாரணை அது. ஐந்து பகுதிகள். இயேசு சீஷர்களுக்குக் கொடுத்த கட்டளை இன்றும் செல்லுமா என்பது முதல் பகுதி. இரண்டாவது, இதற்கு முன் யார் யார் போனார்கள் என்ற வரலாறு. 1706-ல் டென்மார்க் மன்னர் சீகன்பால்குவைத் தரங்கம்பாடிக்கு அனுப்பியதை அதில் குறிப்பிடுகிறார். ஆகவே "நவீன மிஷன்களின் தந்தை" என்ற பட்டத்தைத் தமிழ்நாட்டு மேடையில் சொல்லும்போது கொஞ்சம் யோசித்துச் சொல்வது நல்லது. தனக்கு 87 வருடம் முன்பே தமிழ்க் கரையில் இறங்கியவரைக் கேரியே முன்னோடியாகக் காட்டுகிறார்.

மூன்றாம் பகுதி முழுக்க அட்டவணை. நாடு, நீளம், அகலம், மக்கள்தொகை, மதம். கூட்டுத்தொகை 73 கோடியே 10 லட்சம். அதில் 42 கோடிப் பேர் சுவிசேஷமே கேளாத அஞ்ஞானிகள், 13 கோடி முஸ்லிம்கள், 10 கோடி கத்தோலிக்கர், 4 கோடியே 40 லட்சம் புராட்டஸ்டண்டுகள், 3 கோடி கிரேக்க, அர்மீனியச் சபையார், சுமார் 70 லட்சம் யூதர் என்று பிரித்தார். இன்றைய பார்வைக்கு அவை தோராயமான எண்கள்தான். ஆனால் அந்தச் சபைகளில் அதுவரை யாரும் உலகத்தை இப்படி எண்ணிப் பார்த்ததில்லை.

நான்காம் பகுதிதான் உங்கள் கேள்விக்கு முக்கியம். தூரம், மக்களின் முரட்டுத்தனம், கொல்லப்படும் அபாயம், உணவுத் தேவை, மொழி என ஐந்து ஆட்சேபங்களை எடுத்து ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறார். உணவுக்கு அவர் சொல்லும் வழி இது: குறைந்தது இரண்டு பேர் சேர்ந்து போக வேண்டும். பொதுவாக மணமானவர்களாக இருப்பது நல்லது. அவர்கள் நேரம் சோற்றுக்கு அலைவதில் போய்விடாதபடி, விவசாயத்தைக் கவனிக்க வேறு இரண்டு மூன்று பேர் தங்கள் மனைவி மக்களோடு கூடப் போக வேண்டும். இரண்டு பசு, ஒரு காளை, விதை, உழவுக் கருவி, மீன்பிடிச் சாதனம் கொண்டுபோக வேண்டும். ஐந்தாம் பகுதி பணம்: சபையில் ஒவ்வொருவரும் வாரத்துக்கு ஒரு பென்னி. அடிமை உழைப்பில் விளைந்த மேற்கிந்தியச் சர்க்கரையை விட்டுவிட்ட குடும்பங்கள் அதில் மிச்சமாகும் காசைத் தரலாம் என்றும் ஒரு யோசனை.

அந்த மே மாதக் கடைசியில் நாட்டிங்ஹாமில் ஏசாயா 54:2, 3-ஐ வைத்துப் பிரசங்கித்தார்: "உன் கூடாரத்தின் இடத்தை விசாலமாக்கு." தேவனிடத்தில் பெரியவற்றை எதிர்பாருங்கள், தேவனுக்காகப் பெரியவற்றை முயலுங்கள் என்ற கருத்து அன்று பேசியது. அக்டோபர் 2 அன்று கெட்டரிங்கில் ஒரு விதவையின் வீட்டுப் பின்னறையில் பாப்டிஸ்ட் மிஷனெரிச் சங்கம் தொடங்கப்பட்டது. சேர்ந்தது 13 பவுண்டு 2 ஷில்லிங் 6 பென்ஸ். அதுவும் கைக்காசு அல்ல, வாக்குறுதிச் சீட்டுகள். அவற்றை வாங்கிப் போட்டது ஃபுல்லரின் மூக்குப்பொடி டப்பாவில்.

இங்கிருந்து திட்டம் பிசகுகிறது.

1793 ஜனவரியில் ஜான் தாமஸ் என்ற கப்பல் மருத்துவர் சங்கத்தின் முன் வந்தார். வங்காளத்தில் இருந்தவர், வங்காளி தெரியும், பக்தி உண்டு. கூடவே கடனும் உண்டு. கேரி உடனே கூடப் போக ஒப்புக்கொண்டார். வீட்டில் டோரதி கர்ப்பிணி, ஃபீலிக்ஸ், வில்லியம், பீட்டர் என்று மூன்று சிறு பையன்கள். கடலே இல்லாத மாவட்டத்துக் கிராமத்துப் பெண். பிப்ரவரி முதல் தேதி பிரான்ஸ் இங்கிலாந்தின் மேல் போர் அறிவித்திருந்தது, கடல்வழியே ஆபத்தானது. டோரதி வரமாட்டேன் என்றார். கேரி மூத்தவன் ஃபீலிக்ஸை மட்டும் கூட்டிக்கொண்டு, முடிந்தபின் மற்றவர்களை அழைத்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டார்.

கப்பல் வைட் தீவு அருகே வாரக்கணக்கில் நின்றது. கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதி இல்லாமல் யாரும் வங்காளத்தில் இறங்க முடியாது. மிஷனெரிகளுக்குக் கம்பெனி அனுமதி தராது. தாமஸின் கடன்காரர்களும் தேடி வந்தார்கள். இருவரையும் கப்பலிலிருந்து இறக்கிவிட்டார்கள். அந்தத் தடங்கல் இல்லாவிட்டால் டோரதி இந்தியாவுக்கு வந்திருக்கவே மாட்டார். மே தொடக்கத்தில்தான் ஜேபஸ் பிறந்திருந்தான். கேரியும் தாமஸும் ஊருக்குத் திரும்பிப்போய்க் கேட்டார்கள். மறுபடியும் மறுத்தார். தாமஸ் தனியாகத் திரும்பிச் சென்று, குடும்பம் நிரந்தரமாகப் பிரிந்துவிடும், வாழ்நாளெல்லாம் வருந்துவாய் என்று பயமுறுத்தினார். தங்கை கேத்தரின் கூட வந்தால் வருகிறேன் என்று அப்போதுதான் இசைந்தார். மூட்டை கட்டக் கிடைத்தது ஒரு நாளுக்கும் குறைவு. கட்டணம் போதாமல் தாமஸும் கேத்தரினும் பணியாட்களாகப் பதிந்துகொண்டார்கள். 1793 ஜூன் 13, டோவரிலிருந்து டேனிஷ் கப்பல். நவம்பரில் கல்கத்தா.

அச்சில் எழுதிய திட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு பேர் போனார்கள், சரி. ஆனால் ஒருவர் கடனாளி. சோற்றைக் கவனிக்கும் துணைக் குடும்பங்கள் இல்லை. மணமானவர் போனார், மனைவியின் சம்மதம் ஒரு நாளில் மிரட்டி வாங்கப்பட்டது.

கல்கத்தாவில் கைப்பணத்தைத் தாமஸ் சில வாரங்களில் தீர்த்தார். வீடு மாறி மாறி, கடைசியில் சுந்தரவனக் காட்டோரம். டோரதிக்கும் ஃபீலிக்ஸுக்கும் வயிற்றுக்கடுப்பு. உப்பு இலாகாவில் வேலை பார்த்த சார்லஸ் ஷார்ட் என்ற ஆங்கிலேயர் தன் வீட்டில் தங்க வைத்தார். கேத்தரின் அவரையே மணந்து அங்கேயே நின்றுவிட்டார். டோரதி வரச் சம்மதித்ததற்கு இருந்த ஒரே நிபந்தனை அங்கே முடிந்துபோனது.

1794-ல் வடக்கு வங்காளத்தில், மால்டா பக்கம் முட்னாபதியில், ஜார்ஜ் உட்னியின் அவுரித் தொழிற்சாலையில் மேலாளர் வேலை. மாதம் 200 ரூபாய். தனக்கு வருமானம் வந்துவிட்டது, பணம் அனுப்ப வேண்டாம் என்று கேரி சங்கத்துக்கு எழுதினார். அங்கே சிலர் அதை மெச்சுவதற்குப் பதில், மிஷனெரி வியாபாரத்தில் இறங்கிவிட்டார் என்று முகம் சுளித்தார்கள். அக்டோபரில் ஐந்து வயதுப் பீட்டர் வயிற்றுக்கடுப்பில் இறந்தான். தீட்டு என்று குழி வெட்டவும் சவப்பெட்டி தூக்கவும் ஆள் வரவில்லை. கேரியே காய்ச்சலில் எழ முடியாமல் கிடந்தார்.

1795 முதல் டோரதியின் நிலை மாறியது. கணவர் மற்றப் பெண்களோடு தவறாக இருக்கிறார் என்ற மாறாத எண்ணம். வெளியே போனால் பின்தொடர்வது, எல்லோர் முன்னும் கத்துவது, உயிருக்கே ஆபத்தான தாக்குதல். மற்ற விஷயங்களில் சில நேரம் தெளிவாகவும் பேசுவார். இன்றைய மருத்துவம் மாயச் சந்தேகம் சார்ந்த மனப்பிறழ்வு என்று வகைப்படுத்தக்கூடிய நோய். அன்று அதற்குப் பெயரும் இல்லை, மருந்தும் இல்லை. வீட்டிலேயே அடைத்து வைப்பதுதான் ஒரே வழியாக இருந்தது. 1807 டிசம்பர் 8 அன்று அவர் இறக்கும்வரை பன்னிரண்டு வருடம் இப்படியே. பக்கத்து அறையில் அவர் கத்திக்கொண்டிருக்க, இந்த அறையில் கேரி பண்டிதர்களோடு மொழிபெயர்ப்பார்.

கேரிதான் காரணமா? மரணங்களும், நோயும், தனிமையும், வேரறுந்த வாழ்க்கையும் காரணிகள். அந்தச் சூழலுக்கு அவரைக் கொண்டுவந்தது கேரியின் முடிவு. அவ்வளவு தூரம் பொறுப்பு உண்டு. கொடுமைப்படுத்தினார் என்பதற்கோ, கைவிட்டார் என்பதற்கோ ஆதாரம் இல்லை. இங்கிலாந்திலேயே இருந்திருந்தால் நோய் வந்திருக்காது என்றும் யாராலும் நிரூபிக்க முடியாது. டோரதியை "ஊழியத்துக்குத் தடையாயிருந்த மனைவி" என்று பேசும் பழைய பாணிக்குத்தான் கொஞ்சமும் ஆதாரம் கிடையாது.

அவர் அச்சில் போட்ட திட்டம் உண்மையில் நடந்தது 1800 ஜனவரியில், கல்கத்தாவுக்கு அருகேயுள்ள செராம்பூரில். ஜோஷுவா மார்ஷ்மன், ஹன்னா மார்ஷ்மன், அச்சுத்தொழில் தெரிந்த வில்லியம் வார்டு முதலியோர் முந்தைய அக்டோபரில் வந்திறங்கினார்கள். கம்பெனி எல்லைக்குள் விடாததால் டேனிஷ் ஆட்சியிலிருந்த செராம்பூரில் தங்கினார்கள். தரங்கம்பாடி போலவே டேனிஷ் கொடி பறந்த இடம் அது. 1845-ல் இரண்டையும் சேர்த்தே ஆங்கிலேயருக்கு விற்றார்கள். கேரி குடும்பத்தோடு அங்கே போய்ச் சேர்ந்தார்.

அங்கே போட்ட வீட்டு விதிகளை இன்றைக்கும் எந்த ஊழியக் குழுவும் படிக்கலாம். எல்லோரும் ஒரே வளாகம், ஒரே பந்தி, ஒரே பணப்பெட்டி. வீட்டு நிர்வாகம் மாதத்துக்கு ஒருவர் என்று முறை வைத்து. பொருளாளரும் மருந்துப் பெட்டியின் பொறுப்பாளரும் கேரி. தனிப்பட்ட வியாபாரம் யாருக்கும் கூடாது. சனிக்கிழமை மாலை மனத்தாங்கல்களைப் பேசித் தீர்ப்பதற்கென்றே ஒதுக்கப்பட்டது. அச்சகம், மார்ஷ்மன் தம்பதியின் விடுதிப் பள்ளி, பிறகு கேரியின் கல்லூரிச் சம்பளம் மூன்றும் பொதுப்பெட்டிக்குப் போயின. கேரி 1801-ல் கல்கத்தா வில்லியம் கோட்டைக் கல்லூரியில் வங்காளி ஆசிரியரானார், மாதம் 500 ரூபாய். ஆங்கிலிக்கன் அல்லாதவர் என்பதால் பேராசிரியர் என்ற பட்டம் உடனே கிடைக்கவில்லை. 1807-ல் பேராசிரியராகி 1,000 ரூபாய் வாங்கினார். குடும்பச் செலவுக்குச் சிறு தொகை போக மீதி பொதுவுக்கு.

கேரி இந்தியா வந்து ஏழு வருடம் கழித்து, 1800 டிசம்பர் 28 அன்று முதல் வங்காளி விசுவாசி கிருஷ்ண பால் கங்கைக் கிளையான ஹூக்ளியில் ஞானஸ்நானம் பெற்றார். தச்சர், தோள்மூட்டு நழுவியபோது தாமஸ் அதைப் பொருத்தியதில் தொடங்கிய பழக்கம். அதே நாளில் ஃபீலிக்ஸுக்கும் ஞானஸ்நானம். அந்த மகிழ்ச்சியில் தாமஸ் மனநிலை தவறி, அவரும் அடைத்துவைக்கப்பட்டார். வங்காளிப் புதிய ஏற்பாடு 1801-ல் வந்தது. எழுத்துகளை வெட்டியவர் பஞ்சானன் கர்மகார், மொழியில் தொடக்கத்திலிருந்தே துணை ராம் ராம் பாசு. நாற்பதுக்கு அருகில் மொழிகளில் வேதாகமப் பகுதிகள் அந்த அச்சகத்திலிருந்து வந்தன என்பது உண்மை; எல்லாவற்றையும் கேரியே மொழிபெயர்த்தார் என்பது உண்மை அல்ல. பல மொழிகளில் பண்டிதர்கள் சமஸ்கிருதத்திலிருந்து பெயர்த்ததைக் கேரி சரிபார்த்தார். அவற்றில் கணிசமானவை நடைமுறையில் நிற்காமல் பிற்காலத்தில் மறுபடி செய்யப்பட்டன. 1812 மார்ச் 11 தீயில் பன்மொழி அகராதிக் கையெழுத்துப் படியும் ஏராளமான காகிதமும் அச்செழுத்துகளும் போயின. எழுத்து வார்க்கும் அச்சுகள் சாம்பலுக்குள் தப்பியதால் உடனே மீண்டும் வார்க்கத் தொடங்க முடிந்தது.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருவோம். தாய் நோயாளி, தகப்பன் விடியற்காலை முதல் இரவுவரை வேலையில். செராம்பூர் வந்தபோது நான்கு பையன்களும் அடங்காமல் திரிந்தார்கள். கேரி பார்க்கிறார், வருந்துகிறார், ஆனால் கண்டிக்க மனம் வரவில்லை என்று ஹன்னா மார்ஷ்மன் பதிவு செய்திருக்கிறார். மௌல்டன் பள்ளியில் கண்ட அதே குணம். பையன்களை வளர்த்தவர் ஹன்னா. ஃபீலிக்ஸையும் வில்லியமையும் அச்சகத்தில் தன்னோடு வைத்து வழிக்குக் கொண்டுவந்தவர் வார்டு. பல குடும்பங்கள் சேர்ந்து வாழ்ந்ததன் பலன் இங்கே கண்கூடு.

பர்மாவுக்கு ஃபீலிக்ஸ் போனதற்கு நம் வேலூருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1806 ஜூலை வேலூர்ச் சிப்பாய்க் கிளர்ச்சிக்குப் பிறகு கம்பெனி பயந்துபோய் மிஷனெரிகளைக் கட்டுப்படுத்தியது. புதிதாக வந்தவர்களை வங்காளத்தில் தங்க விடவில்லை. ஆகவே பர்மாவுக்கு வழி பார்க்கப்பட்டது. ஃபீலிக்ஸ் 1807-ல் சேர்ந்துகொண்டார். 1814-ல் ஐராவதி ஆற்றில் படகு கவிழ்ந்து மனைவியையும் பிள்ளைகளையும் இழந்தார். பிறகு பர்மிய மன்னரின் தூதராகக் கல்கத்தா வந்தபோது, மிஷனெரி தூதுவராகச் சுருங்கிவிட்டான் என்று தகப்பன் வருந்தி எழுதினார். பிரசங்கத்தில் இது பிரமாதமான வரிதான். ஆனால் குடும்பத்தையே ஆற்றில் பறிகொடுத்தவனைப் பற்றிச் சொன்னது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஃபீலிக்ஸ் பின்னர் செராம்பூருக்கே திரும்பி, உடற்கூறு பற்றி வங்காளியில் நூல் எழுதி, 1822-ல் இறந்தார். வில்லியம் வங்காளத்திலேயே மிஷனெரி. ஜேபஸ் அம்பொய்னா தீவுக்கும் பிறகு அஜ்மீருக்கும் போனார். 1796-ல் பிறந்த கடைக்குட்டி ஜோனத்தான் கல்கத்தாவில் வக்கீல்.

டோரதி இறந்து ஐந்தே மாதத்தில், 1808 மே மாதம், கேரி ஷார்லட் எமிலியா ரூமோர் என்ற டேனிஷ் பிரபுக் குடும்பத்துப் பெண்ணை மணந்தார். கேரியின் வயதுதான், நடக்க மிகவும் சிரமப்படுபவர், உடல்நலத்துக்காகச் செராம்பூரில் வந்து தங்கியவர். இவ்வளவு சீக்கிரமா என்று சக ஊழியர்களே எதிர்த்தார்கள். பிறகு அவரைப் பழகி அடங்கினார்கள். படித்தவர், பல மொழி அறிந்தவர், மொழிபெயர்ப்பைப் பற்றிப் பேச வீட்டிலேயே முதல்முறையாகக் கேரிக்கு ஆள் கிடைத்தது. 1821-ல் இறந்தார். அதன்பின் மணந்த கிரேஸ் ஹியூஸ் என்ற விதவை, 1834 ஜூன் 9 அன்று கேரி இறக்கும்வரை பார்த்துக்கொண்டார். தன் உடலை ஷார்லட்டின் அருகில் அடக்கம் செய்ய வேண்டும் என்று கேரி உயிலில் எழுதியிருந்தார். அவ்வளவு சம்பாதித்தவரிடம் பிள்ளைக்குக் கொடுக்கக் கையில் பணம் இல்லை. நூலகத்தை ஏலம் விட்டு அதிலிருந்து கொடுக்கும்படி எழுத வேண்டியிருந்தது.

இருபது நிமிடப் பேச்சு என்றால் உடன்கட்டை ஒழிப்பு, செடித் தோட்டம், செய்தித்தாள் எல்லாவற்றையும் திணிக்க வேண்டாம். உடன்கட்டை ஏறுவதைத் தடைசெய்தது 1829-ல் பென்டிங்க் பிரபு. ராம் மோகன் ராய் முதலானோரின் உழைப்பும் அதில் உண்டு. கேரி பல வருடம் எதிர்த்து எழுதினார், சட்டத்தை வங்காளியில் பெயர்த்தார், அவ்வளவு. அதற்குப் பதில் 1792 நூலின் நான்காம் பகுதியையும், 1793 புறப்பாட்டையும், 1800 வீட்டு விதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுங்கள். உங்கள் இளைஞர்களில் யாராவது ஊழியத்துக்குப் படிக்கப் போகிறார்களா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியிலோ சென்னை குருகுலத்திலோ சேர்ந்தால் அவர்கள் வாங்கும் பட்டம் செராம்பூர் செனட்டுடையது. கேரியும் மார்ஷ்மனும் வார்டும் 1818-ல் தொடங்கி, 1827-ல் டென்மார்க் மன்னரிடம் பட்டயம் பெற்ற அதே கல்லூரியின் பெயரில்தான் அது வரும்.